வாட்ச் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நிக்கல் பற்றி ஒரு திறந்த மடல்

கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, செல்போன், அதன் உறை, காதில் மாட்டும் கருவி என்று உடம்போடு ஒட்டிக் கிடக்கும் பொருள்களை விற்கிற கடைக்கார அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும், கல்லாவில் உட்காரும் அக்கா தங்கைகளுக்கும்,

நான் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் இந்தக் கடிதம். வாங்கிப்போன வாட்ச்சைத் திரும்பக் கொண்டுவந்து, "போட்ட இடத்துல அரிக்குதுங்க" என்று ஒருவர் நிற்கும்போது நீங்கள் சொல்லும் பதிலை மாற்றிக்கொள்ள வேண்டும்.

"உங்களுக்குச் சூட்டு உடம்பு." "வேர்வை தங்கியிருக்கும், கழுவித் துடைச்சுப் போடுங்க." "இதே மாடல் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கேன், ஒருத்தரும் குறை சொன்னதில்ல." இந்த மூன்றில் ஒன்றைத்தான் கடைகளில் கேட்கிறேன். ஏமாற்றுவதற்காக யாரும் இப்படிச் சொல்வதில்லை என்று தெரியும். சரக்கு அனுப்பும் ஹோல்சேல்காரர் அதில் என்ன உலோகம் இருக்கிறது என்று உங்களிடம் சொல்வதில்லை. பெட்டியிலும் அச்சடிப்பதில்லை. ஆனால் அரிப்பு வந்தவர் முதலில் வந்து நிற்பது உங்கள் கடையில்தான். தோல் டாக்டரிடம் போவது அதற்கு எத்தனையோ மாதம் கழித்து. நடுவில் மஞ்சள் பற்று, வேப்பிலை, மருந்துக்கடைக் களிம்பு, வீட்டில் "தொத்து வியாதியா இருக்குமோ" என்ற சந்தேகம், தனித் துண்டு, தனி சோப்பு. முதல் நாள் உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தை இதையெல்லாம் மிச்சப்படுத்தும்.

அது இதுவாக இருக்கட்டும்: "நிக்கல் ஒத்துக்காம இருக்கலாம். கொஞ்ச நாள் கழற்றி வைங்க. வாட்ச்சைப் பார்த்துச் சொல்றேன்."

நிக்கல் நம்மைச் சுற்றி எங்கும் இருக்கிற உலோகம். சமையலறை எவர்சில்வரில் இருக்கிறது, வண்டியின் பளபளப்பான கம்பிகளில் இருக்கிறது, ஜீன்ஸ் பொத்தானில் இருக்கிறது. விலை குறைந்த வாட்ச்சின் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் அல்லது பித்தளையில் வார்த்தது. அதன் மேல் நிக்கல் பூச்சு, அதற்கும் மேல் மிக மெல்லிய குரோமியம் பூச்சு. பளபளப்பு முக்கால்வாசி நிக்கல் கொடுப்பதுதான். கவரிங் நகையில் தங்க முலாமுக்கு அடியிலும் பல நேரம் இதே நிக்கல் அடுக்கு இருக்கும். மேல் பூச்சு தேயத் தேய அடியில் இருப்பது தோலில் படும்.

உலோகம் சும்மா பட்டால் ஒன்றும் ஆகாது. வேர்வை வேண்டும். வேர்வையில் உப்பு இருக்கிறது. அந்த உப்பு நிக்கலைத் துளித்துளியாகக் கரைத்து அயனியாக்குகிறது. அயனி தோலுக்குள் இறங்கி அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நிக்கல் ஒட்டிய புரதத்தை உடம்பின் காவல் செல்கள் அந்நியப் பொருளாக எடுத்துக்கொள்கின்றன. அதனால் "வேர்வை" என்று நீங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரே வாட்ச் மார்கழியில் சும்மா இருந்து கத்திரி வெயிலில் அரிப்பதும் இதனால்தான். ஆனால் வேர்வையை மட்டும் குற்றம் சொல்லி அனுப்பினால், அவர் கையைக் கழுவிக் கழுவி அதே வாட்ச்சைக் கட்டிக்கொண்டிருப்பார்.

இங்கே இரண்டு செய்திகள் உங்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும், ஏனென்றால் கடையில் நடக்கும் வாக்குவாதமெல்லாம் இவற்றைச் சுற்றித்தான். முதலாவது, இந்த ஒவ்வாமை பிறவியில் வருவதில்லை, பட்டுப் பட்டு வருவது. சிலருக்குச் சில வாரம் ஆகும், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும். "ரெண்டு வருஷமா இதைத்தானே கட்டுறீங்க, அப்ப வராதது இப்ப எப்படி வரும்?" என்று கேட்பது நியாயமான கேள்வி போலத் தோன்றும். அந்த இரண்டு வருடமும் உடம்பு பழகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். உங்கள் கடன் நோட்டில் ஒரு பெயர் ஏறிவிட்டால் எப்படியோ அப்படி, உடம்பின் கணக்கில் நிக்கல் ஒருமுறை ஏறிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க அது அடிபடாது. அடுத்த முறை சிறிது பட்டாலும் போதும்.

இரண்டாவது, ஒவ்வாமை வந்தவருக்கும் வாட்ச் கட்டிய அன்றே அரிக்காது. பட்டு ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் கழித்துத்தான் கிளம்பும். வேர்க்கடலை சாப்பிட்டு அரை மணியில் உதடு வீங்குகிற ஒவ்வாமை வேறு வகை. இது தாமதமாக வருவது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குக் கட்டிய வாட்ச் செவ்வாய்க்கிழமை அரித்தால், திங்கட்கிழமை சாப்பிட்ட கத்திரிக்காயின் மேல்தான் பழி விழும்.

பாதிக்கப்படுகிறவர்களில் பெண்கள் அதிகம். உடம்பு வேறு என்பதால் அல்ல, காது குத்துவதால். தோலைத் துளைத்து, ஆறாத புண்ணுக்குள் நிக்கல் கலந்த கம்பியைப் போட்டு வைத்தால் உடம்புக்கு அதை அறிமுகப்படுத்த அதைவிட நல்ல வழி கிடையாது. துளை தூராமல் இருக்க வேப்பங்குச்சி சொருகிய பாட்டிமார்கள் இந்த வகையில் பேத்திகளுக்கு நல்லதே செய்தார்கள். எட்டு வயதில் கவரிங் தோட்டில் தொடங்கியது, இருபது வயதில் வாட்ச்சிலும் கண்ணாடியிலும் செல்போன் உறையிலும் வெளிப்படுகிறது. "கவரிங் போட்டா காது புண்ணாகும்" என்று ஒரு பெண் சொன்னால், அவர் பாதிக் கண்டுபிடிப்பை உங்கள் கையில் கொடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆய்வகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நிக்கலை எடையறிந்து கணக்கிடும் சோதனை பி.எஸ்சி. மாணவர்களுக்கு உண்டு. சூடான கரைசலில் டைமெத்தில் கிளையாக்சைம் சேர்த்து அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ரோஜாச் சிவப்பில் வீழ்படிவு பொங்கி எழும். வேதியியல் பிடிக்காத பிள்ளைகள்கூட அந்த நிறத்துக்காக எட்டிப் பார்ப்பார்கள். அன்று ஒரு மாணவி பீக்கரைப் பிடித்திருந்த கையில் செயின் வாட்ச். கொஞ்சம் தள்ளியிருந்த செயினுக்குக் கீழே தோல் கருத்துத் தடித்திருந்தது. கேட்டேன். "படர்தாமரைன்னு மருந்துக்கடையில களிம்பு கொடுத்தாங்க மேம். போட்டா அடங்குது, விட்டா வந்துடுது. வாங்கின கடையில கேட்டதுக்கு வேர்வைன்னுட்டாங்க."

வாட்ச்சைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். படர்தாமரை வட்டமாக ஓரம் விரிந்துகொண்டே போகும். இது அப்படி இல்லை. மணிக்கட்டின் மேல்பக்கத்தில் வாட்ச் உட்காரும் வட்டத்துக்கு நடுவில் தோல் சுத்தமாக இருந்தது. வட்டத்தின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் மட்டும் இரண்டு பட்டையாகக் கருத்திருந்தன. உள்பக்கத்தில், செயின் பூட்டு அழுந்தும் இடத்தில், பூட்டின் அளவுக்கே ஒரு நீள்சதுரம். பூஞ்சை இப்படிச் சதுரம் போடாது.

வாட்ச்சின் பின்மூடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி பொறித்திருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக், பேஸ் மெட்டல் பெசல். உங்கள் கண்ணாடி அலமாரியில் இருக்கிற வாட்ச்சுகளைத் திருப்பிப் பாருங்கள், எத்தனையோ வாட்ச்சில் இதே வரிகள் இருக்கும். பின்மூடி மட்டும் எவர்சில்வர், சுற்றியிருக்கும் உடல் சாதாரண உலோகத்தில் பூச்சு என்று அதற்கு அர்த்தம். பஞ்சு சுற்றிய குச்சியில் டைமெத்தில் கிளையாக்சைம் இரண்டு சொட்டு, அமோனியா இரண்டு சொட்டு விட்டுப் பின்மூடியில் அரை நிமிடம் தேய்த்தோம். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு குச்சியால் செயின் சேரும் கொம்பின் அடிப்பக்கத்தைத் தேய்த்தோம். பஞ்சின் நுனி இளஞ்சிவப்பானது. பூட்டின் உள்பக்கத்தில் இன்னும் அழுத்தமாக. அந்தப் பெண்ணின் கையில் எங்கெல்லாம் கறுப்போ, அங்கெல்லாம் பஞ்சில் சிவப்பு. சுற்றி நின்ற பிள்ளைகள் தோட்டையும் பெல்ட் பக்கிளையும் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் டைமெத்தில் கிளையாக்சைம் தூளாகக் கிடைக்கும். ஆல்கஹாலில் நூற்றுக்கு ஒரு பங்கு கரைத்து ஒரு சின்ன பாட்டில், நூற்றுக்குப் பத்து அமோனியாக் கரைசல் இன்னொரு சின்ன பாட்டில். இரண்டையும் கலந்து வைக்காதீர்கள், தேய்க்கும்போதுதான் பஞ்சில் சேர வேண்டும். அமோனியா மூடி இறுக்கமாக இருக்கட்டும், கண்ணில் படக்கூடாது, பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. பொருளுக்குச் சேதம் வராது. சிவந்தால் அந்த இடத்திலிருந்து நிக்கல் வெளியே வருகிறது என்று நம்பலாம். சிவக்காவிட்டால் நிக்கலே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது, மேலே வார்னிஷ் இருந்தாலோ கசிவு குறைவாக இருந்தாலோ விட்டுப்போகும். புது வாட்ச்சைவிட ஒரு வருடம் தேய்ந்து திரும்பி வந்த அதே மாடலைத் தேய்த்துப் பார்ப்பது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

சிலர் காந்தத்தை வைத்துப் பார்த்துச் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். நிக்கல் கலந்த நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. நிக்கல் முலாம் பூசிய இரும்பில் ஒட்டும். இரண்டிலும் நிக்கல் உண்டு.

எவர்சில்வர் பற்றி ஒரு குழப்பம் தீர வேண்டும். 304 என்ற எவர்சில்வரில் நூற்றுக்கு எட்டிலிருந்து பத்து வரை நிக்கல் இருக்கிறது. நல்ல வாட்ச்சுகளில் போடும் 316எல் வகையில் அதைவிடவும் கொஞ்சம் அதிகம். ஆனாலும் இவை பெரும்பாலானவர்களின் தோலைத் தொந்தரவு செய்வதில்லை. கூடவே இருக்கும் குரோமியம் காற்றுப் பட்டு மேலே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் போட்டு நிக்கலை உள்ளேயே பிடித்து வைக்கிறது. எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு வெளியே கசிகிறது என்பதுதான் கணக்கு. சொல்லப்போனால் ஒவ்வாமை உள்ளவருக்கு நல்ல எவர்சில்வர் வாட்ச், பூச்சுப் போட்ட வாட்ச்சைவிட எவ்வளவோ பாதுகாப்பு. ஒவ்வாமை மிகக் கடுமையாக உள்ள ஒரு சிலருக்கு மட்டும் அதுவும் ஆகாமல் போகலாம்.

கண்ணாடிக் கடைக்காரர்களிடம் தனியாகப் பேச வேண்டியது இருக்கிறது, ஏனென்றால் வாட்ச்சைக் கழற்றி வைத்துவிடலாம், கண்ணாடியைக் கழற்றினால் பஸ் நம்பர் தெரியாது. கம்பி ஃபிரேம்களில் பெருமளவு மோனெல் என்ற கலவை. அதில் மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், மீதி பெரும்பாலும் செம்பு. ஜெர்மன் சில்வர் ஃபிரேமும் உண்டு, அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும், வெள்ளி துளியும் கிடையாது. ஃபிரேம் புதிதாக இருக்கும்வரை மேல் பூச்சு காக்கும். காதுக்குப் பின்னால் மடியும் முனையில் பிளாஸ்டிக் உறை இருக்கிறதே, அது வேர்வையிலும் எண்ணெயிலும் ஊறி ஊறி வெடிக்கும். வெடிப்பு வழியாகக் கம்பி தோலில் படும். காதுக்குப் பின்னால் பிளந்து நீர் கசிகிறது, பொடுகு என்று ஷாம்பு மாற்றிப் பார்த்தேன் என்று சொல்பவரின் கண்ணாடிக் காலை ஒருமுறை கழற்றி வாங்கிப் பாருங்கள். உறையை மாற்ற உங்களுக்கு ஐந்து நிமிடம் போதும். சரியான உறை கிடைக்காவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூபைப் போட்டு ஹீட்டரில் காட்டுங்கள், கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும்.

கூடவே ஒன்று, இது உங்களில் பலருக்குப் புதிதாக இருக்கும். முறுக்கி வளைத்தாலும் தானாக நேராகும் ஃபிரேமை "டைட்டானியம்" என்று சொல்லி விற்கிறீர்கள். சுத்தமான டைட்டானியம் நிக்கல் ஒவ்வாமைக்காரருக்கு மிக நல்லது. ஆனால் வளைந்து நிமிரும் அந்த வகை நிட்டினால் என்ற கலவை, எடையில் பாதிக்கு மேல் நிக்கல். ஒவ்வாமை உள்ளவர் "டைட்டானியம் கொடுங்க" என்று கேட்கும்போது அதை எடுத்து நீட்டக்கூடாது. சந்தேகமாக இருந்தால் அசிடேட் அல்லது பிளாஸ்டிக் ஃபிரேம் கொடுத்துவிடுங்கள்.

செல்போனில் இப்போது பெரும்பாலும் கண்ணாடி, அலுமினியம், பிளாஸ்டிக். பட்டன் போன் காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. 2008-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 22 கைபேசிகளை இதே இளஞ்சிவப்புச் சோதனையில் தேய்த்துப் பார்த்தார்கள். 10-ல் நிக்கல் வந்தது, பெரும்பாலும் ஓரப் பட்டையிலும் பட்டனிலும் முத்திரையிலும். கன்னத்திலும் காதுக்கு முன்னாலும் காரணம் தெரியாமல் தடித்துக் கிடந்தவர்கள் சிலருக்கு இது ஒரு விளக்கமாக இருந்தது. இன்று ஃபோன் மாறினாலும் அதற்குப் போடும் உலோக ஓர உறை, பளபளக்கும் வளையம், காந்தப் பிடி ஆகியவை வழியாக நிக்கல் திரும்ப வந்திருக்கிறது. காந்தங்களுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க நிக்கல் முலாம் பூசுவதுதான் வழக்கம். காந்தப் பூட்டு வைத்த வலைச் செயின் பட்டைகளையும் அதே கண்ணோடு பாருங்கள். 2014-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் 11 வயதுப் பையன் ஒருவனுக்கு உடம்பெல்லாம் பரவிய தோல் அழற்சி மருந்துக்கு அடங்காமல் போய், கடைசியில் அவன் தினமும் பயன்படுத்திய ஐபேட்தான் காரணம் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். ஓர் உறை போட்டதும் குணம் தெரிந்தது.

உடற்பயிற்சிப் பட்டை விற்கிறவர்கள் ஃபிட்பிட் ஃபோர்ஸின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2013 கடைசியில் வந்த பட்டை அது. 2014 தொடக்கத்திலேயே நிறுவனம் விற்பனையை நிறுத்தித் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம் பட்டைகள். தோல் எரிச்சல் என்று சுமார் 9,900 புகார்கள், கொப்புளம் கண்டதாகச் சுமார் 250. பட்டையில் இருந்த எவர்சில்வரின் நிக்கல் சிலருக்கும், பட்டையின் பொருளோ ஒட்டப் பயன்பட்ட பசையோ மற்றவர்களுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுவனமே சொன்னது. ஆயிரம் பேர் கட்டினால் மிகச் சிலருக்குத்தான் வரும், ஆனால் வந்தவர்களின் புகாரை ஒரே இடத்தில் எண்ணியதால்தான் அது வெளியே தெரிந்தது. நம் ஊரில் ஒவ்வொரு கடையிலும் ஒன்றிரண்டு பேர் வந்து, ஒவ்வொரு கடையிலும் "இதுவரை யாரும் சொன்னதில்லையே" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எண்ணிக்கை எங்கும் சேர்வதே இல்லை.

எல்லா அரிப்புக்கும் நிக்கலே காரணம் என்று நான் சொல்லவில்லை. சிலிக்கோன் பட்டையை இரவும் பகலும் கழற்றாமல், அடியில் சோப்புத் தண்ணீரோடு கட்டியிருந்தால் தோல் வெந்து எரியும். அது ஒவ்வாமை இல்லை, கழற்றி உலர்த்தினால் போய்விடும். தோல் பட்டையில் பதனிடும் குரோமியம் சிலருக்கு ஆகாது. பசையும் ரப்பரும் ஆகாதவர்கள் உண்டு. இடத்தைப் பார்த்தாலே ஓரளவு பிடிபடும். பட்டை முழுக்கச் சுற்றி வந்தால் பட்டையைச் சந்தேகியுங்கள். பக்கிள் இருக்கும் இடத்தில் மட்டும், சார்ஜ் ஏற்றும் முள் படும் இடத்தில் மட்டும் என்றால் உலோகம். கையோடு "தொப்புளுக்குக் கீழேயும் அரிக்குதா?" என்று கேட்டுப் பாருங்கள். பேண்ட் பொத்தானும் பெல்ட் பக்கிளும் அழுந்துகிற அந்த இடத்தில் காசு அளவுக்குக் கருத்திருக்கிறது என்றால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படங்களில் சிவந்த தோலைக் காட்டுகிறார்கள். நம் நிறத்துத் தோலில் அந்தச் சிவப்பு தெரியாமல் போகலாம். சாம்பல் பூத்தது போலவோ கருத்தோ தடித்தோ இருக்கும், பொடிப் பொடியாகக் கொப்புளம் இருக்கும், சொறிந்து சொறிந்து யானைத்தோல் மாதிரி ஆகியிருக்கும். அதைப் படர்தாமரை என்று நினைத்து, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஒரே ட்யூபில் கலந்த களிம்பை மருந்துக்கடையில் வாங்கிப் போடுகிறார்கள். ஸ்டீராய்டு இருப்பதால் அரிப்பு அடங்கும். அதனால் மருந்து சரி என்று நம்பி மாதக்கணக்கில் தேய்ப்பார்கள். தோல் மெலியும், ரத்தக்குழாய் தெரிய ஆரம்பிக்கும், உண்மையிலேயே பூஞ்சையும் சேர்ந்துகொண்டால் களிம்பு அதை மறைத்து வளர்க்கும். நீங்கள் களிம்பு பெயர் எதுவும் சொல்லாதீர்கள். "கழற்றி வையுங்கள், அடங்காவிட்டால் தோல் டாக்டரைப் பாருங்கள்" என்பது போதும். முதுகில் பேட்ச் ஒட்டி 48 மணி நேரம் கழித்து டாக்டர் எடுத்துப் பார்ப்பார், மறுபடியும் ஓரிரு நாளில் பார்ப்பார். ஜோசப் யாடசோன் என்ற மருத்துவர் 1895-ல் தொடங்கி வைத்த சோதனை, இன்றுவரை இதற்கு இதுதான் நம்பகமானது. வீட்டாரிடம் "இது தொத்தாது" என்றும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே சிலர் உங்களை மறக்க மாட்டார்கள்.

இனி வியாபாரம். "நிக்கல் இருக்குன்னு நானே சொன்னா பார்ட்டி அடுத்த கடைக்குப் போயிடுமே" என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. அந்தப் பயத்துக்குப் பதில் டென்மார்க்கில் இருக்கிறது. அங்கே 1990 வாக்கில் நிக்கல் கசிவைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1994-ல் அதைத் தன் விதியாக்கி, 2001-க்குள் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தோலில் நெடுநேரம் படும் பொருளிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது. காதில் குத்தும் கம்பிக்கு இன்னும் கடுமை, 0.2. "நெடுநேரம்" என்றால் இரண்டு வாரத்துக்குள் ஒரு தடவை அரை மணி நேரம், அல்லது மூன்று தடவை பத்துப் பத்து நிமிடம். வாட்ச் கடைகள் அங்கே மூடிப் போகவில்லை. தயாரிப்பாளர்கள் பூச்சை மாற்றினார்கள், கலவையை மாற்றினார்கள். டென்மார்க்கில் பள்ளி மாணவிகளைச் சோதித்தபோது, சட்டத்துக்கு முன் காது குத்தியவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு நிக்கல் ஒவ்வாமை இருந்தது. சட்டத்துக்குப் பின் குத்தியவர்களில் 3.9 சதவீதம். ஒரு தலைமுறைப் பெண்பிள்ளைகளின் தோலை, நகையும் வாட்ச்சும் விற்கிறவர்கள் சரக்கை மாற்றியதாலேயே காப்பாற்ற முடிந்திருக்கிறது. எனக்கு இந்த இரண்டு எண்களும் மிகவும் பிடிக்கும். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதுவேன்.

ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கை இ.என். 1811 என்ற முறையில் சோதிக்கிறார்கள். செயற்கை வேர்வையில் பொருளை ஒரு வாரம் ஊறவைத்து, எவ்வளவு நிக்கல் இறங்கியது என்று அளப்பது. ஐரோப்பாவுக்கு விற்கும் தொழிற்சாலைகளிடம் அந்த ரிப்போர்ட் ஏற்கெனவே இருக்கும். அடுத்த ஆர்டர் போடும்போது ஹோல்சேல்காரரிடம் இதைக் கேளுங்கள்: "இந்த மாடலுக்கு இ.என். 1811 ரிப்போர்ட் இருக்கா? உடல் என்ன உலோகம், பூட்டு என்ன உலோகம்?" ஒரு கடை கேட்டால் சிரிப்பார். ஒரு தெருவே கேட்டால் தாளைத் தேடி எடுப்பார். பதில் வந்த பொருளுக்கு அதை பில்லில் எழுதிக் கொடுங்கள். "ஹைப்போ அலர்ஜெனிக்" என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் வைத்து நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள், அந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்த அளவும் இல்லை.

ஏற்கெனவே வாங்கிப் போனவர்களுக்கும் வழி இருக்கிறது. வாட்ச்சை விட மனமில்லாதவருக்கு, வாட்ச்சின் அடியில் நுழைந்து ஓடும் நைலான் பட்டையைப் போட்டுக் கொடுங்கள். உலோக உடலுக்கும் தோலுக்கும் நடுவில் துணி வந்துவிடும், பக்கிளுக்கு அடியிலும் பட்டையின் நுனி வரும்படி பார்த்துக்கொண்டால் போதும். நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவுவது பலருக்குத் தெரிந்த வைத்தியம், பலன் உண்டு, ஆனால் நம் வெயிலுக்குச் சில நாளில் உரிந்துவிடும், திரும்பத் திரும்பத் தடவ வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். அப்பா வாங்கிக் கொடுத்த வாட்ச் என்பதால் அந்த மாணவி நைலான் பட்டை போட்டுத்தான் கட்டுகிறாள். கறுப்பு மங்க மாதங்கள் ஆயின. அரிப்பு சில வாரத்தில் நின்றது.

பஞ்சு சிவந்த மாடல்களைத் தனித் தட்டில் வையுங்கள். விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றும் செய்யாமலும் போகலாம். எடுத்துக் கொடுக்கும் முன், "கவரிங் ஒத்துக்குமா உங்களுக்கு?" என்று ஒரு கேள்வி. ஒத்துக்காது என்றால் வேறு தட்டு. சின்னப் பிள்ளைகளுக்கு வாங்குகிறார்கள் என்றால் கேட்காமலே வேறு தட்டு.

சோதனைக் கரைசல் தயாரிப்பதில் சந்தேகம் இருந்தால் உங்கள் ஊரில் இருக்கும் கல்லூரியின் வேதியியல் துறைக்குப் போய்க் கேளுங்கள். எங்கள் தொழிலில் யாரும் இதைச் சொல்லிக் கொடுக்க மறுக்க மாட்டார்கள். போகும்போது திரும்பி வந்த பழைய வாட்ச் இரண்டு மூன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆய்வக உதவியாளர் உங்கள் எதிரிலேயே தேய்த்துக் காட்டுவார்.

அன்புடன்,
ஒரு வேதியியல் ஆசிரியை